உறுதி இல்லாதவர்களின் மலையில் வாடகை வீடு

நுவரெலியாவில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வருமா என்ற கேள்வி சில ஆண்டுகளாக எனக்கு மின்னஞ்சலில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புலம்பெயர்ந்தவர்கள்; இப்போது ஓய்வூதிய வயதை நெருங்கியவர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த இலங்கை நாணயம் அதே ஆண்டில் 360 ரூபாவுக்கும் கீழே சரிந்து, பின்னர் 300 அளவில் நின்றதல்லவா? அதிலிருந்து இந்தக் கேள்வி பெருகிவிட்டது. "போட்டி கடுமையாக இருக்கிறது, நல்ல இடங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, உங்களுக்கு அங்கே ஆட்களைத் தெரியுமே" என்று உரிமையோடு கேட்கிறார்கள்.

தனித்தனியே பதில் எழுதிக் களைத்துவிட்டேன். ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் பொறுமையோடு முழுவதையும் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

என் பதில் சுருக்கமானது. தரகர் சொல்லும் வருமானம் அங்கே இல்லை. அவர் 'போட்டி' என்று சொல்வதும் போட்டி இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர். அவர்களில் தோட்டங்களில் வாழும் பெரும்பகுதியினரிடம் காணி உறுதி என்ற ஒரு தாள் இல்லை. அது இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. மாவட்டத்தின் பெரும்பான்மையைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடக்கும் ஏலத்துக்குப் போட்டி என்று பெயர் வைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

தரகரின் கணக்கு

முதலில் பணக் கணக்கையே பார்ப்போம். நியாயம் பேசுபவனுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

விளங்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து கோடி ரூபாவுக்கு ஒரு பங்களா வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். இரவொன்றுக்கு 40,000 ரூபா வாடகை. தரகர் 365ஆல் பெருக்கிக் காட்டுவார்: ஆண்டுக்கு 1 கோடி 46 இலட்சம், அதாவது நூற்றுக்கு 29 வீதம். கேட்பவருக்கு மயக்கம் வரும்.

ஆனால் நுவரெலியா ஆண்டு முழுவதும் விழித்திருக்கும் ஊர் அன்று. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் மாதந்தான் அதன் 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியைச் சுற்றிய கேளிக்கைகள் எல்லாம் அந்தச் சில வாரங்களில்தான். அப்போது உள்ளூர்க் குடும்பங்கள் கூடத் தம் வீட்டின் முன்பகுதியை விருந்தினருக்கு விட்டுவிட்டுப் பின்னறையில் ஒதுங்கிக்கொள்ளும். டிசம்பரில் ஒரு கூட்டம் வரும். நீண்ட வார இறுதிகளில் கொழும்பிலிருந்து வாகனங்கள் ஏறும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மழையும் பனிமூட்டமும் மலையை மூடிக்கொள்ளும். அந்த மாதங்களில் வீடு பூட்டியே கிடக்கும்.

ஆண்டில் 90 இரவுகள் நிறைந்தன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 36 இலட்சம் ரூபா. அதில் தரகருக்கும் இணைய முகவருக்கும் ஒரு பங்கு. காவற்காரருக்கும் சமையற்காரருக்கும் பன்னிரண்டு மாதச் சம்பளம். சுடுநீர் இல்லாமல் அங்கே யாரும் ஓர் இரவும் தங்கமாட்டார்கள். மின்கட்டணம் அதற்கேற்றபடி ஏறும். ஈரம் சுவரை அரிக்கும். ஆண்டுதோறும் வர்ணம் பூசவேண்டும். மாநகர சபை வரி, வருமான வரி. பாதி போய்விட்டது என்றால் மிஞ்சுவது 18 இலட்சம். ஐந்து கோடிக்கு அது 3.6 வீதம். இதை உங்கள் வங்கியின் நிலையான வைப்பு வட்டியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? வாடகைக்காக வாங்குவதில்லை, நாளைக்கு இன்னொருவர் இதைவிடக் கூடிய விலைக்கு வாங்குவார் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது, வீடு இருண்டு கிடக்கிறது. நானுஓயாவிலிருந்து ஹாவாஎலிய வரை இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். விளக்கெரியாத புதிய வீடுகளை எண்ணினால் என் பேச்சு விளங்கும்.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது? பாடசாலைக்கு இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியை, மருத்துவமனைத் தாதி, வங்கி எழுதுவினைஞர், கடைச் சிப்பந்தி ஆகியோர் தலையில். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தம் வாடகை அறைக்கு உடன்பட்டபோது வீட்டுக்காரர் இட்ட நிபந்தனை, ஏப்ரல் மாதம் முழுவதும் அறையைக் காலி செய்து கொடுக்கவேண்டும் என்பது. பதினொரு மாத வாடகையைவிட அந்த ஒரு மாதம் அவருக்குப் பெரிது. ஆசிரியை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்தத் தாய் வீடு தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பரா.

சட்டம் சொல்வது

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் கவனிக்கவேண்டிய சில செய்திகள் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவருக்கு இலங்கைக் காணியை அறுதியாக விற்பதைத் தடுக்கிறது. அவர்கள் அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பெற்றோரிடமிருந்து வழியுரிமையாக வரும் காணிக்கும் இல்லை. அடுக்குமாடியில் நான்காம் தளத்துக்கும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விதிவிலக்கு உண்டு. பழைய அடையாள அட்டை கையில் இருக்கிறது என்பதற்காகக் குடியுரிமையைத் துறந்தவர் இலங்கையராகிவிடமாட்டார். உறவினர் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் பின்னர் நீதிமன்றப் படியேறியவர்களை என் பத்திரிகை வாழ்க்கையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

உறுதியின் மூலத்தையும் தேடிப் பார்க்கவேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரமாகவோ அளிப்பாகவோ கொடுக்கப்பட்ட அரச காணியை அதிகாரிகளின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தேயிலைத் தோட்டத்தைத் துண்டாடுவதற்கு 1958ஆம் ஆண்டிலிருந்தே கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. மலைச்சரிவில் கட்டுவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இன்றியமையாதது. அதை வாங்கித் தருவது வெறும் சடங்கு என்று சொல்லும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இத்தனை கேள்விகளும் உறுதி உள்ள காணியைப் பற்றியவை. வாங்க வந்தவர் உறுதியை ஆயிரம் முறை புரட்டிப் பார்க்கிறார், சட்டத்தரணியிடம் காட்டுகிறார், காணிப் பதிவகத்தில் தேடுகிறார். சரிதான். ஆனால் அந்தக் காணியின் வேலிக்கு அப்பால் ஐந்து தலைமுறையாக வாழ்பவரிடம் புரட்டிப் பார்க்க ஒரு தாளும் இல்லை என்பது அவர் கண்ணில் படுவதில்லை.

இந்த நிலை எப்படி வந்தது?

உறுதி இல்லாமை மழை பெய்வதுபோல் இயற்கையாக வந்ததன்று. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் கையொப்பமிட்டு உண்டாக்கியது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயில் அழிந்தபின் மலை முழுவதும் தேயிலையாயிற்று. வந்தவர்களைக் குடியிருத்த வரிசையாக அறைகளைக் கட்டினார்கள். 10 அடிக்கு 12 அடி. அதற்குப் பெயர் லயம். அந்த அறை சம்பளத்தின் வால். தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும் வரை அறை. பேர் வெட்டப்பட்டால் அறையும் போகும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவர்களுக்குள் வாழ்கிறது.

நிலமில்லாக் குடியானவர்களுக்கு அரச காணி கொடுக்க 1935இல் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழர் அந்தப் பங்கீட்டில் சேர்க்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து, கடல் கடந்து அனுப்பியது. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாடற்றவனுக்குக் காணி ஏது?

1972ஆம் ஆண்டில் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. உழுதவனுக்கு நிலம் என்று முழங்கிய காலம் அது. உழுதவனுக்கு இங்கே என்ன கிடைத்தது? நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டபோது தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1977 மே 11ஆம் நாள் தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். திட்டம் கைவிடப்பட்டது. நிலம் வெளியே போகாமல் தடுக்க உயிரைக் கொடுத்த மக்களுக்கு அந்த நிலத்தில் ஒரு பேர்ச்சும் அன்று எழுதிக் கொடுக்கப்படவில்லை.

1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தையும் இங்கே நினைவுபடுத்தவேண்டும். ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு அது எல்லை விதித்தது. மேலதிக வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றை வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. கொழும்பின் வாடகைக்காரர் பலர் வீட்டுக்காரரானது அவ்வாறுதான். லயத்துக் காம்பராவில் நூறாண்டு இருந்தவருக்கு அந்தக் காற்று வீசவில்லை.

குத்தகைக்காரரின் கீழ்க் குடியிருப்போர்

வாடகை முதலீடு பற்றிப் பேசவந்தோம். மலையகத்தின் மிகப்பெரிய வாடகைக் கொடுக்கல் வாங்கல் எது தெரியுமா? தோட்டங்களே.

1992 ஜூனில் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. தொடக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆண்டுக்கு 500 ரூபா என்ற பெயரளவுக் குத்தகை. பின்னர் அது திருத்தப்பட்டு, ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கேற்ப ஏறும் குத்தகையாயிற்று. காலம் 53 ஆண்டுகள், 2045இல் முடியும். நிலம் இன்றும் அரசினுடையது. கம்பனி குத்தகைக்காரர். அவருக்கு 53 ஆண்டுக்கான எழுத்து இருக்கிறது. கம்பனி வருவதற்கு நூறு ஆண்டு முன்பே அங்கிருந்த குடும்பத்துக்கு எழுத்து இல்லை. நேற்று வந்தவருக்கு ஒப்பந்தம், முந்தாநாள் வந்தவருக்கு 'அனுமதி'.

அந்தத் தோட்டங்களில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று உல்லாச விடுதிகள். கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் விடுதியாயிற்று. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் 2005 முதல் பங்களாக்கள் உலகப் பணக்காரரை வரவேற்கின்றன. அந்த முயற்சிகளில் நான் குற்றம் காணவில்லை. பழைய கட்டடத்தை இடிக்காமல் வாழவைப்பது நல்ல காரியமே. என் கேள்வி வேறு. விருந்தினர் எதைப் பார்க்கப் பணம் கொடுக்கிறார்? பச்சை மலையையும் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணையும் பார்க்கத்தான். அந்தப் பெண் தன் காம்பராவைத் துப்பரவாக்கி, தேநீரும் ரொட்டியும் கொடுத்து, ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை இரண்டு இரவு தங்கவைத்து நியாயமான காசு வாங்கலாமா? முடியாது. அறை அவளுடையதன்று. காணி அவளுடையதன்று. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தம் நிதியைச் செலவிடுவதற்கே 2018இல் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது என்றால் மற்றவற்றைச் சொல்லவேண்டுமா?

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு அரசே 200 ரூபா சேர்த்து, 1,750 ஆக்க முன்மொழிந்தது. அந்த 1,750ஐயே வைத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன எடுத்துக்காட்டு வீட்டில் ஓர் இரவு என்பது அவளுக்கு ஏறத்தாழ 23 நாட் சம்பளம். இந்த இடைவெளியைச் சம்பள உயர்வினால் மட்டும் யாராலும் மூட முடியாது. சொத்துள்ளவனுக்குச் சொத்து உழைக்கிறது. சொத்தில்லாதவனுக்கு உடம்பு மட்டுமே உழைக்கிறது. உடம்பு ஐம்பத்தைந்தில் ஓய்ந்துவிடும்.

2023ஆம் ஆண்டில் நுவரெலியாவின் பழைய தபாலகக் கட்டடத்தை விடுதிக்குக் கொடுக்கும் திட்டம் எழுந்தபோது தபால் ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1894ஆம் ஆண்டின் அந்தச் செங்கற் கட்டடத்துக்காக ஏடுகள் ஆசிரியத் தலையங்கம் எழுதின. நல்லது, நானும் அந்த எதிர்ப்பை ஆதரித்தவன்தான். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் மாத்தளை மாவட்டத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரியே அடித்து உடைத்த காட்சி நாடெங்கும் பரவியது. சில நாள் பரபரப்பு. பிறகு மறந்துபோயிற்று. கட்டடத்துக்குக் கிடைத்த ஆயுள் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

ஏழு பேர்ச்சின் கதை

எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2015க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்ற கொள்கை ஏற்கப்பட்டது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஓர் ஏக்கரில் 160 பேர்ச் உண்டு என்பதை நினைவிற் கொள்க. இந்திய அரசு 4,000 வீடுகளுக்கு நிதி தந்தது. 2017 மே மாதம் நோர்வூட் மேடையில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றுக்கு அடிக்கல் நாட்ட 2024 ஆயிற்று. 2018இல் பெருந்தோட்டப் பகுதிக்குப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. 2024க்கான வரவுசெலவுத் திட்டத்தில் காணியுரிமைக்கென 400 கோடி ரூபா அறிவிக்கப்பட்டது. 2025 ஒக்ரோபரில் பண்டாரவளையில் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணம் வழங்கினார்கள்.

இவற்றையெல்லாம் வரவேற்கிறேன். ஆயினும் ஆவணம் என்பதும் உறுதி என்பதும் ஒன்றல்ல. காணிப் பதிவகத்தில் பதிவாகி, வங்கி ஈடாக ஏற்று, பிள்ளைக்கு எழுதி வைக்கக்கூடியதாக இருப்பதே உறுதி. மேடையில் பூமாலையோடு கொடுக்கப்படும் அட்டை அந்த மூன்று சோதனைகளிலும் தேறுகிறதா என்று ஒவ்வொரு பயனாளியும் கேட்கவேண்டும். தொண்ணூறுகளிலிருந்து கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வீட்டுக் கடன் எடுத்து, சம்பளத்திற் கழிபட்டு, முழுக்கக் கட்டி முடித்த பின்பும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. கடன் அடைத்தவனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்காத வியாபாரம் உலகில் வேறெங்கே உண்டு?

மறுப்புகள்

இதை எழுதினால் வரக்கூடிய மறுப்புகளை அறிவேன்.

'உறுதி கொடுத்தால் குடித்துவிட்டு விற்றுவிடுவார்கள்.' இந்தப் பேச்சை மரியாதைக்குரியவர்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் யாரும் காணி விற்றதில்லையா? கொழும்பில் விற்றதில்லையா? விற்கும் உரிமை இருப்பதுதான் உரிமை. உண்மையான கவலை இருந்தால் முதல் பத்தாண்டுக்கு வெளியாருக்கு விற்கத் தடை என்று ஒரு வாசகம் எழுதலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியலாம். இவற்றைச் செய்யாமல் மக்களின் ஒழுக்கத்தைக் காரணம் காட்டுவது துரைத்தனத்தின் எச்சம்.

'தேயிலை நிலம் குறைந்துவிடும்.' லயங்கள் நிற்கும் நிலத்தில் இப்போதும் தேயிலை இல்லை. தோட்டங்களில் கைவிடப்பட்டுக் காடு மண்டிய நிலமும் உண்டு. விடுதிக்கும் நீர்மின் திட்டத்துக்கும் நிலம் இருக்கும்போது வீட்டுக்கு மட்டும் எப்படித் தட்டுப்பாடு வருகிறது?

'வெளிநாட்டுத் தமிழர் வீடு வாங்கினால் அங்குள்ள தமிழருக்கு வேலை கிடைக்கும்.' கிடைக்கும். வீட்டுக்கு ஒரு காவற்காரர், ஒரு சமையற்காரர். அவர்கள் மாலையில் எங்கே திரும்பிப் போகிறார்கள்? வேலை கொடுத்ததனால் வீட்டுக் கடமை தீர்ந்தது என்றால், நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோட்டத் துரைமாரும் அதையேதான் சொன்னார்கள்.

'சந்தை என்றால் அப்படித்தான்.' இதைச் சொல்பவருக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்லவேண்டும். வீடு, காணி, உறுதி இவற்றின் அருமை தெரியாதவர்களா நாம்? 1983இல் கொழும்பில் வீடு எரிந்தபோது உறுதியைத் தேடி அழுதவர்கள் நாம். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிக்கு உறுதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து ஊர் ஊராகச் சுமந்தவர்கள் நாம். காணி விடுவிக்கப்பட்டபோது அந்தத் தாளைக் காட்டித்தான் 'இது என் வளவு' என்று சொல்ல முடிந்தது. அந்தத் தாளின் வலிமையை உலகிலேயே நன்கறிந்த ஒரு சமூகம், அது இல்லாத தன் இனத்தவரின் மலையில் நின்று 'சந்தை' என்று சொல்வதைக் கேட்க எனக்குக் கூசுகிறது.

மண் சரியும்போது

2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தால் போக வேறிடம் வேண்டுமே. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களை நாடெங்கும் கொண்டுபோயிற்று. நுவரெலியாவும் கண்டியும் பதுளையும் மண்சரிவால் சிதைந்தன. வீதிகளும் புகையிரதப் பாதையும் அறுந்தன.

பேரிடருக்குப் பிறகுதான் உறுதியின் பொருள் முழுமையாக விளங்கும். உறுதி உள்ளவர் என் வீடு போயிற்று, என் காணி போயிற்று என்று கணக்குக் கொடுக்கலாம். லயத்தில் இருந்தவர் எதைச் சொல்வார்? போனது கம்பனியின் அறை, அரசின் நிலம். அவருக்குப் போனது பாத்திரமும் பாயும். இழப்புப் பத்திரத்தில் சொத்துக்கான கட்டத்தில் அவர் எழுத எதுவும் இல்லை. பாதுகாப்பான இடத்தில் மாற்றுக் காணி வேண்டும் என்று அவர் கேட்டால் அது உரிமைக் கோரிக்கையாக ஏற்கப்படாது. இரக்கத்துக்கான மனுவாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அந்தச் சரிவுகளைப் பார்த்த பின்பும் 'இப்போது விலை சற்று இறங்கியிருக்கிறதாமே' என்று எனக்கு எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் அனுப்பவில்லை.

செய்யக்கூடியவை

வாங்காதே என்று யாருக்கும் கட்டளையிட நான் யார்? பணம் உங்களுடையது. எனினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் போவது முறையன்று.

ஒன்று. மலையகத்தில் வீட்டு முதலீடுதான் செய்யவேண்டும் என்றால், நுவரெலியாவின் சீசன் பங்களாவை விட்டுவிட்டு ஹட்டனையும் தலவாக்கலையையும் பாருங்கள். லயத்தை விட்டு வெளியேறிய முதல் தலைமுறை அங்கே இருக்கிறது: ஆசிரியர், தாதியர், அலுவலர், தனியார் வகுப்புக்கு வரும் உயர்தர மாணவர். அவர்களுக்கு வேண்டியது பன்னிரண்டு மாதமும் இருக்கக்கூடிய, எழுத்து மூல ஒப்பந்தம் உள்ள, குழாய்நீர் வரும் இரண்டு அறை வீடு. மாதம் தவறாத சிறு வாடகை, ஏப்ரலில் மட்டும் வரும் பெரு வாடகையைவிட நம்பத்தக்கது. ஊருக்கும் உதவும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

இரண்டு. யாரிடமிருந்து காணி வாங்கினாலும், அதில் அல்லது அதை ஒட்டி யார் குடியிருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். குடியிருப்பாளரை எழுப்பித் தருவதாகத் தரகர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். எழுப்பப்படுபவர் போகுமிடம் இல்லாதவர்.

மூன்று. உங்கள் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் கொழும்பு அமைச்சர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றனவே, அந்த மேடையில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 2045இல் தோட்டக் குத்தகை முடியும்போது அந்த நிலத்தில் இருநூறாண்டு வாழ்ந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? குத்தகையை நீட்டும் பேச்சு மூடிய அறையில் நடப்பதற்கு முன்பாக, லயங்கள் நிற்கும் நிலமும் வீட்டுத்தோட்டமும் குத்தகையிலிருந்து பிரிக்கப்பட்டுக் குடும்பங்களுக்கு அறுதி உறுதியாக எழுதப்படவேண்டும் என்று கேளுங்கள். வீடு கட்டிக் கொடுப்பது பிறகு. முதலில் தாள். தாள் இருந்தால் அவர்களே கட்டிக்கொள்வார்கள். மலையை வெட்டி வீதி போட்டவர்களுக்கு நான்கு சுவர் எழுப்பத் தெரியாதா?

அந்த நாள் வந்தால் நுவரெலியாவில் மெய்யான வீட்டுச் சந்தை ஒன்று பிறக்கும். கொழுந்து பறித்தவளின் மகள் தன் உறுதியை ஈடு வைத்து இரண்டு அறை கட்டி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, லண்டனிலிருந்து வரும் உங்களிடம் இரவு வாடகை பேசுவாள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாற்றுக் கருத்துள்ளோர் எழுதலாம். கண்ணியமாக எழுதினால் வெளியிடுவேன். தரகர்களின் விளம்பரங்களை மட்டும் வெளியிடமாட்டேன்.